நாக்கில் ஒட்டாத கல்

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘கல்நக்கி’. மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் அவர் புவியியல் டீச்சர். நான் அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் பிள்ளைகள் பொதுவாக அநியாயக்காரிகள். என்னை ‘ரப்பர் ஸ்டாம்பு’ என்பார்கள். ஆனால் இந்த ஒரு பெயரில் மட்டும் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. டீச்சர் உண்மையிலேயே கல்லை நக்குவார்.

ஒளிந்து மறைந்தெல்லாம் இல்லை. வழியில் கிடக்கும் ஒரு கல்லை எடுப்பார், முந்தானையில் துடைப்பார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நாக்கு நுனியால் ஒரு தொடு தொடுவார். பிறகு ‘நல்ல கல்லு’ என்றோ ‘உக்கிருச்சு’ என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே போடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், அலுவலகத்தில் பேப்பர் பறக்காமலிருக்க நான் வைத்திருந்த கூழாங்கல்லுக்கே அந்த மரியாதை நடந்தது. அதைக் கையால் தொடாமல் ஒரு காகிதத்தால் ஓரமாகத் தள்ளினேன்.

“என்ன டீச்சர் இது?” என்றேன்.

“உக்குன கல்லு நாக்குல ஒட்டும். நல்ல கல்லு ஒட்டாது. கருங்கல்லுக்குள்ள வெள்ளையா, ரோஸா மின்னுற மணி இருக்கும்ல? மழத்தண்ணி அத வருசக்கணக்கா அரிச்சு அரிச்சுக் களிமண்ணாக்கிரும். களிமண்ணு ஈரத்த உறியும். அதான் நாக்கப் பிடிச்சுக்கிருது. நீயும் வேணா வச்சுப் பாரேன்.”

வேண்டாம் என்றேன். அவர் இருந்தவரை எத்தனையோ முறை அவர் நீட்டிய கல்லுக்கெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தேன்.

அவரை விட நான் பதினாலு வயது சின்னவள். உயரமாக, எலும்பும் தோலுமாக இருப்பார். கைப்பைக்குப் பதில் ஒரு துணிப்பை. அதைத் தெரியாத்தனமாகத் தூக்கிக் கொடுத்தால் தோள்பட்டை இறங்கிவிடும். உள்ளே சாப்பாட்டு டப்பாவோடு நாலைந்து கற்கள் எப்போதும் கிடக்கும். பஸ்ஸில் கண்டக்டர்கள் அதற்கு லக்கேஜ் போடவா என்று கேலி செய்வார்கள்.

கல்லை நக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களைப் படுத்தியது அவருடைய இன்னொரு வழக்கம். கல்லைப் பற்றி அவர் ஒன்று சொல்லி அது நடந்துவிட்டால், தேடி வந்து, “சொன்னேனா இல்லையா?” என்று கேட்பார். நாம் வாயைத் திறந்து ‘சொன்னீங்க டீச்சர்’ என்று சொல்லும்வரை இடத்தை விட்டு நகரமாட்டார். பாடம் எடுக்க மணி அடித்தால்கூட ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

பழைய கட்டடத்து வராந்தாவில் வரிசையாகக் கல்தூண்கள் உண்டு. ஒரு ஆண்டு விழாவுக்காக அவற்றுக்குச் சந்தன நிறத்தில் ஆயில் பெயிண்ட் அடிக்கச் சொன்னார் எங்கள் தலைமை ஆசிரியை மதர். பெயிண்டர் ஏணியைச் சாத்தியபோது டீச்சர் போய்த் தூணுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“மதர், தரையிலருந்து ஈரம் தூணுக்குள்ள ஏறிக்கிட்டே இருக்கு. அது வெளிய போகணும். பெயிண்ட்ட அடிச்சு மூடிட்டா உள்ளயே உப்புக் கட்டும். உப்பு பூத்துச்சுன்னா கல்லு பொளபொளன்னு உதிர்ந்துரும்.”

“கல்லு என்ன மூச்சா விடுது டீச்சர்? தள்ளுங்க” என்றார் மதர். அடித்தார்கள். விழாவுக்கு வந்த எல்லோரும் தூண்கள் புதுசு போல இருப்பதாகப் பாராட்டினார்கள். டீச்சர் மட்டும் அன்று கேசரியைத் தொடவில்லை.

அடுத்த விழாவுக்கு முன்பே தூண்களின் அடியில் பெயிண்ட் அப்பளம் போல உப்பியது. டீச்சர் நகத்தால் நிமிண்டினார். வெள்ளைப் பொடியும், கூடவே ஒரு பிடி கல்தூளும் கொட்டின. பொடியை நாக்கில் வைத்து, “உப்பு” என்றார். அந்தத் தூளை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு நேரே மதர் அறைக்குப் போனார். எந்த மதரின் நிழல் கண்டாலே நாங்கள் எழுந்து நிற்போமோ அந்த மதர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சொன்னீங்க டீச்சர்” என்றது என் மேசை வரை கேட்டது. காலாண்டு விடுமுறையில் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள்.

அவர் மேலூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் குவாரியில் கல் உடைத்தவர்கள். மகளை மிஷன் ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைத்தார்கள். ‘கல்லுடைக்கிறவன் மக நான்’ என்பதை ஏதோ ஜமீன் வாரிசு என்கிற தோரணையில்தான் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர், எல்லோரும் பாறையைப் போல் அசையாமல் இருக்க வேண்டும் என்றார். பூசை முடிந்ததும் டீச்சர் அவரை வாசலில் மறித்துவிட்டார்.

“ஃபாதர், பாறை அசையாதுன்னு யாரு சொன்னது? எங்கப்பா பாறைல வரிசையாக் குழி போட்டு, காஞ்ச மரத்துல ஆப்பு அடிச்சு, சாயங்காலம் தண்ணிய ஊத்தி ஈரச்சாக்கப் போட்டு மூடிட்டு வந்துருவாரு. மரம் ஊறி உப்பும். காலைல போய்ப் பாத்தா ரெண்டாப் பொளந்து கெடக்கும். அம்புட்டுப் பெரிய பாறைக்குத் தண்ணி குடிச்ச மரத்தத் தாங்க முடியல.”

“அப்ப எத மாதிரி இருக்கச் சொல்லலாம் டீச்சர்?” என்று பாவமாகக் கேட்டார் ஃபாதர்.

“அது ஒங்க பாடு. கல்லுன்னா மட்டும் எங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க.”

சண்டைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு முறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மேலூருக்கு அருகே ஒரு குன்றுக்குக் கூட்டிப் போனார். துணைக்கு நானும் போனேன். பாறை முழுக்க ஏடு ஏடாகப் பெயர்ந்து, வெங்காயத் தோல் உரிந்ததைப் போலக் கிடந்தது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்து விரிவதும், ராத்திரி குளிர்ந்து சுருங்குவதும், மழை இடுக்கில் புகுந்து அரிப்பதுமாக மேல்தோல் கழன்றுகொள்கிறது என்று சொல்லி, ஒரு இடத்தை விரல் முட்டியால் தட்டினார். ‘டொப்’ என்றது. பக்கத்தில் தட்டினார். ‘டங்’ என்றது. அவ்வளவுதான், நாற்பது பிள்ளைகளும் குன்று முழுக்கக் குந்தி உட்கார்ந்து கதவு தட்டுவதைப் போலத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் ஒரு விரிசலில் முளைத்திருந்த இச்சிமரக் கன்றுக்குத் தன் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அது வேர் விட்டா பாறை உடையும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றேன்.

“ஒடையட்டுமே. அது பொழைக்க வேணாமா?”

என் கணவர் இறந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. விபத்து. மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று போனவர். பெயர் சேவியர்; எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்லறைக்குக் கல் வாங்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது டீச்சர்தான் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றி என்னை மேலூருக்குக் கூட்டிப் போனார். கடையில் இருந்த கருங்கல் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். துருப்புள்ளி இருந்ததை ஒதுக்கினார். ஒன்றின் பாலிஷ் போடாத முதுகை நக்கினார். கடைக்காரர் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்துபோனார்.

“இத எடு” என்றார் டீச்சர். “ஒன் பேரன் பேத்தி காலத்துக்கும்…” சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வெள்ளை மார்பிள் கேட்டேன். சேவியர் வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. கறுப்புக் கல்லுக்கு அடியில் அவரைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. டீச்சர் அந்தக் கருங்கல் பலகையை மறுபடி சுவரில் சாத்தினார்.

“சரித்தா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. மார்பிளு சுண்ணாம்புச் சாதி. அதுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சங்காகூட ஆகாது.”

அந்த நேரத்தில் எனக்கு எலுமிச்சங்காயா முக்கியம்? காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், கழுவுவார்கள். மறுநாள் ஊரே மெழுகுவத்தியோடு வருமே, நம் வீட்டுக் கல்லறை மங்கலாகக் கிடந்தால் செத்தவரை மறந்துவிட்டதாகப் பேசுவார்கள். “நம்ம கல்லுதான் பளிச்சுன்னு இருக்கணும்” என்றார் என் மாமியார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். நானும் அவர்களிடம் வாங்கி ஊற்றினேன். சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. அழுக்கெல்லாம் போகிறது என்று எனக்கு அத்தனை நிம்மதி. கழுவிவிட்ட பிறகு கல் பால் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் டீச்சர் தன் அம்மா கல்லறைக்கு மெழுகுவத்தி வைக்க வந்தவர், எங்களிடமும் வந்தார். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தார். கையில் மாவு போல ஒட்டியது.

“யாரு ஆசிட் ஊத்துனது?”

“நான்தான்.”

“நுரைச்சுச்சுல்ல? அது அழுக்கு இல்லத்தா, கல்லு. மழ எத்தனையோ வருசத்துல திங்கிறத நீ ஒரே பாட்டில்ல திங்க வச்சிருக்க. இந்தா பாரு, பளபளப்பு போயிருச்சு, எழுத்து ஓரமெல்லாம் மழுங்கிருச்சு. வருசா வருசம் இப்பிடி ஊத்துனீன்னா அவரு பேர நீயே அழிச்சிருவ.”

சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் அழத் தொடங்கினார்.

“என் வீட்டுக் கல்ல நான் பாத்துக்கிறேன். நீங்க ஒங்க வேலயப் பாருங்க” என்றேன்.

அவர் முகத்தை நான் அன்றுதான் அப்படிப் பார்த்தேன். கையில் ஒட்டிய மாவைத் துடைக்காமலே போய்விட்டார். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருடமும் ஆசிட் வாங்கினேன். ஏன் என்று இன்று கேட்டால் சொல்ல முடிகிறது. அவர் சொன்னது சரி என்றால், சேவியருக்கு மிச்சமிருந்த அந்தப் பெயரையும் என் கையாலேயே தேய்த்தேன் என்று ஆகிவிடும். அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அதனால் அவர் சொன்னது தப்பாகத்தான் இருக்க வேண்டும். பள்ளி வாசலில் சைக்கிளில் பினாயிலும் ஆசிட்டும் விற்கும் ஒருவர் அக்டோபர் தொடக்கத்தில் வருவார். ஒரு பாட்டில் வாங்கிப் பேப்பரில் சுற்றி, என் மேசைக்கு அடியில் இருந்த அலமாரியில் வைத்தேன்.

அந்த வருடம் ஊற்றியபோது லேசாகத்தான் நுரைத்தது. நெடியும் இல்லை. அதற்கு முந்தின வாரம் ஸ்டாஃப் ரூமில் டீச்சர் யாரிடமோ, “ஆசிட்டு மூடி சரியா இல்லன்னா காரமெல்லாம் போயிரும், வாடைகூட இருக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அதுதான் போலும் என்று பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தேன். கல் சுத்தமானது. எழுத்துகள் அப்படியே இருந்தன. அதற்கடுத்த வருடமும் அப்படியே. அதற்கும் அடுத்த வருடமும்.

நாலைந்து திருநாள் போன பிறகு நானே டீச்சரைக் கையைப் பிடித்துக் கல்லறைக்கு இழுத்துப் போனேன்.

“பாருங்க டீச்சர். வருசா வருசம் ஊத்துறேன். ஒரு எழுத்தாவது போயிருக்கா?”

அவர் குனிந்து, ‘சேவியர்’ என்ற நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்தார்.

“இல்லத்தா. இதுல நான் தோத்துட்டேன்.”

நான் விடுவேனா? மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சொன்னேன். மதருக்கும் சொன்னேன். கல் விஷயத்தில் டீச்சர் தோற்றது சரித்திரத்தில் முதல் தடவை என்று ஆளுக்கொரு கேலி செய்தார்கள். என் செலவில் வடையும் காபியும் வந்தன. டீச்சரும் சிரித்துக்கொண்டே இரண்டு வடை சாப்பிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது பள்ளிக்கு வருவார். பெரும்பாலும் அக்டோபரில்தான். “பென்ஷன் பேப்பர் ஒண்ணு பாக்கணும்” என்று என் அறையில் வந்து உட்கார்வார். துணிப்பை வழக்கம் போலக் கனமாக இருக்கும். உட்கார்ந்ததும், “ஏத்தா, தொண்ட வறண்டு போச்சு. வாசல் கடைல ஒரு டீ வாங்கியாயேன், நீயே போ, அந்தப் பையன் சீனிய அள்ளிப் போட்டுருவான்” என்பார். வேலை நேரத்தில் இது என்ன இம்சை என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். திரும்பி வரும்போது சமர்த்தாக உட்கார்ந்திருப்பார். எந்தப் பென்ஷன் பேப்பரையும் அவர் என்னிடம் காட்டியதாக நினைவில்லை.

போன கோடையில் டீச்சர் இறந்துபோனார். மார்வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பிதான் எல்லாம் செய்தார். எங்கள் வரிசைக்கு மூன்று வரிசை தள்ளி, அவர் அம்மா பக்கத்தில் இடம். மேலூரிலிருந்து ஒரு முரட்டுக் கருங்கல் வந்தது. பாலிஷ் இல்லை, சிலுவை மட்டும் கொத்தியிருந்தது, பெயர் இல்லை. அக்கா அப்படித்தான் எழுதி வைத்திருந்தார் என்றார் தம்பி. “எங்கப்பா ஒடச்ச கல்லுல ஊர்ப்பட்ட பேரெல்லாம் இருக்கு, எதுலயும் அவரு பேரு இல்ல, எனக்கு மட்டும் எதுக்குன்னு சொல்லுவா” என்றார். அதனால்தான் நானும் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.

இந்த வருடமும் திருநாளுக்கு முந்தின நாள், அக்டோபரில் வாங்கி வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. புது ஆள் விற்றது, நல்ல சரக்கு போல என்று நினைத்துக்கொண்டு ஊற்றினேன்.

சுர்ரென்று பொங்கியது. முதல் வருடம் பொங்கியதே, அதே பொங்கல். நுரை ‘ர்’ மேல் ஏறி நின்றது. எழுத்துக்குள் இருந்த கறுப்பு மை கழன்று வழிந்தது.

பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு ஓடினேன். அடி பம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினேன். எத்தனை குடம் என்று தெரியாது. நுரை அடங்கியபோது ‘ர்’ தலையில் புள்ளி இருந்த இடம் வழவழவென்று ஆகியிருந்தது. மற்ற மூன்று எழுத்தும் தப்பித்தன.

ஈரச் சேலையோடு அங்கேயே உட்கார்ந்தேன். டீச்சர் டீ கேட்டு வராத முதல் அக்டோபர் இது என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளியில் லேப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குப் போன் போட்டேன். “அண்ணே, டீச்சர் எப்பவாச்சும் லேப்புக்கு ஆசிட் கொண்டாந்து குடுத்தாங்களா?”

“ஆமாம்மா. வருசா வருசம் அக்டோபர் மாசம் ஒரு பாட்டில் குடுப்பாங்க, பாத்ரூம் கழுவ வச்சுக்கங்கன்னு. அதே மாதிரி காலி பாட்டில்ல சோப்புத் தண்ணி கரைச்சு வாங்கிட்டுப் போவாங்க. எதுக்கு டீச்சர்னு கேட்டா சிரிப்பாங்க. ஏன்மா?”

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஒரு தூணுக்காக மதரையே மண்டியிட வைத்தவர், என் ஒருத்தியிடம் மட்டும் இத்தனை வருடம் பேசாமல் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டாஃப் ரூமே கைகொட்டிச் சிரித்த அன்றுகூட அவர் வாய் திறக்கவில்லை. நான் வாங்கித் தந்த வடையைச் சாப்பிட்டார். அங்கே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். என் கணவருக்காக அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்துக் கல்லறைக்கார அம்மா வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

எழுந்து மூன்று வரிசை தாண்டி டீச்சரிடம் போனேன். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரால் அவர் கல்லைக் கழுவினேன். முந்தானையால் துடைத்தேன். விரல் முட்டியால் தட்டினேன், ‘டங்’ என்றது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டியிட்டுக் குனிந்து, சிலுவைக்குக் கீழே நாக்கு நுனியை வைத்தேன்.

ஒட்டவில்லை.

“சொன்னீங்க டீச்சர்” என்றேன். “சொன்னீங்க.”